பட்டு என்று நான் சொன்ன நூல்

1. திரும்பி வந்த நாற்பது சாரன்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. குல்தூம் ராத்தா தான் நெய்த நாற்பது கைலிச் சாரனையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் நூல் கடைக்குள் வந்தார். வந்தவர் மூட்டையை என் மேசையில் போட்டார். தராசு ஒருமுறை ஆடி நின்றது.

"இந்தா மீராசா, வெச்சிக்கொள்ளு. நாப்பதும் இரிக்கி. நாளைக்கு ஒண்டு நாளைக்கு ஒண்டா நீயே உடுத்துத் திரி."

"என்ன ராத்தா, என்ன நடந்த?"

"என்ன நடந்தயா? பட்டுச் சாரனாம்! கல்முனையில கடக்காரன் கையால தொடுறானில்ல. அக்கரைப்பற்றுக்கு அனுப்பினதும் பஸ்ஸில திரும்பி வந்திட்டு. நம்மட மார்க்கத்தில ஆம்புளைக்குப் பட்டு ஆகாதெண்டு ஒனக்குத் தெரியாதா? ஆருடா இதப் பட்டெண்டு சென்ன?"

யார் சொன்னது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தராசைச் சரிபண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சரியான வருடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் பள்ளிவாசலுக்குப் புதுத் தண்ணீர்த் தாங்கி கட்டின வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஹாஜியாரின் நூல் கடையில் மேசைக்குப் பின்னால் நிற்கிறவன். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். நூல் பேலில், அதாவது மூட்டையில், ஒட்டியிருக்கும் லேபலை வாசிக்கத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தடவி, இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து நல்ல நூல், சொத்தி நூல் என்று பிரிப்பேன். ஊரில் எல்லோரும் அதைப் புகழ்ந்து புகழ்ந்து என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். விரலுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குல்தூம் ராத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கே ராத்தா, அதாவது அக்கா. கணவர் மௌத்தாகி, கண்மூடி, ஆறு வருடம். வீட்டில் இரண்டு தறி, இரண்டு மகள். மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி, பெருநாள் கழிந்து பத்தாம் நாள் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். சுவர் எழும்பிவிட்டது. கூரை மொட்டையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாற்பது சாரன் விற்றால்தான் ஓடு ஏறும். ஓடு ஏறினால்தான் மாப்பிள்ளை வருவார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

2. நான் வாயைத் திறந்த கதை

நாலைந்து மாதத்துக்கு முன் ஹாஜியாரோடு கொழும்புக்குப் போயிருந்தேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்புப் பயணம் என்றால் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று எண்ண முடியாது. ஒருமுறை ஒரு காவலரணில் நூல் பேலைக் குத்திப் பார்த்தவன் கத்தியை இழுக்க முடியாமல் அரை மணி நேரம் நின்றான். அது வேறு கதை. கொழும்புக் கடையில் வெள்ளை வெளேரென்று, நிலா பட்ட தண்ணீர் மாதிரி மினுங்கிக்கொண்டு ஒரு நூல் இருந்தது. கன்னத்தில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"ஹாஜியார், இத விடப்படாது" என்றேன்.

ஹாஜியார் விடவில்லை. ஊருக்கு வந்தபிறகு அந்த நூல்தான் எங்களை விடவில்லை. யாரும் வாங்கவில்லை. பருத்தியோடு புழங்கின நெசவாளிகளுக்கு அந்த மினுக்கம் பயமாக இருந்தது. ஒவ்வொரு நாள் கடை பூட்டும்போதும் ஹாஜியார் அந்த மூட்டையைக் காலால் தட்டி, "மீராசா, ஒண்ட புள்ள நல்லா வளருதாடா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த நேரம்தான் குல்தூம் ராத்தா பெருநாள் சாரனுக்குப் பாவு போட நூல் எடுக்க வந்தார். உடம்புக்குப் பருத்தி எடுத்தார். கரைக்கு இந்த மினுக்க நூலைப் போடுங்கள் என்று நான் மன்றாடினேன்.

"இது என்ன நூல் மீராசா?"

"தெரியாது ராத்தா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொன்னது, "புது நூல் ராத்தா. கொழும்பில இதுதான் இப்ப."

சாரன் நெய்து வந்தபோது அழகென்றால் அழகு. பச்சைக்கரை, ஊதாக்கரை, குங்குமக்கரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்டார், குல்தூமுடைய சாரனில் என்னமோ மினுங்குகிறதாமே என்று. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சுத்தப் பட்டு! ஒங்கட வாப்பாட வாப்பாவும் உடுத்திருக்க மாட்டார்."

யோசித்துச் சொல்லவில்லை. நூல் விற்கிறவனுக்குப் பட்டு என்பதுதான் ஆகப் பெரிய புகழ்ச்சி. சாரனைப் புகழ்ந்தால் விலை ஏறும், ராத்தாவுக்கு நல்லது, மூட்டையும் ஒழியும் என்று நினைத்தேன். அந்த ஐந்தாறு பேரும் அந்தச் சாரனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போகிறவர்கள் என்பதை மறந்துபோனேன். நானும் ஒரு முஸ்லிம்தான் என்பதையே அந்த ஒரு நிமிடம் மறந்திருக்கிறேன் போல.

மூன்றாம் நாள் மரைக்காருக்குக் கதை எட்டிவிட்டது. மரைக்கார் எங்கள் பள்ளி நிருவாகத்தில் பெரியவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு கதையை ஒருதரம் கேட்டால் பத்துத்தரம் சொல்லாமல் படுக்க மாட்டார்.

3. இடியப்பம் பிழிகிற மாதிரி

ராத்தா மூட்டையை விட்டுவிட்டுப் போனதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லதம்பி அண்ணனிடம் போனேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் சாயத்தொட்டி வைத்திருந்தவர். எங்கள் ஊர் நூலெல்லாம் அவருடைய தொட்டியில் குளித்துத்தான் வரும். இரண்டு ஊருக்கும் நடுவில் போக முடியாத நாட்களும் இருந்தன. அப்போது நூலும் வராது, நல்லதம்பி அண்ணனும் வரமாட்டார். பாதை சரியானதும் முதலில் வருவது அவருடைய சைக்கிள் மணிதான். கை இரண்டும் முழங்கை வரைக்கும் நீலமாக இருக்கும். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை எங்கள் வழக்கப்படி காக்கா என்பார்.

நான் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமல் இருந்தார். முடித்ததும் சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவில்லை.

"காக்கா, அந்த நூலுக்குச் சாயம் போட்டது நான்தானே? கோஸ்டிக் சோடாக் காரத் தண்ணியில முக்கி எடுத்தன். பட்டெண்டா அதுக்குள்ள கந்தலாப் போயிருக்கும். வெறுங்கையோடதான் வந்திருப்பன்."

"அப்ப அது என்ன அண்ணன்? பிளாஸ்டிக்கா?"

"அதுவும் இல்ல. ரேயான். மரம்."

"மரமா?"

"ஓம். மரத்தத் துண்டு துண்டாச் சீவி, காரத்துல ஊற வெச்சி, கூழாக்கி, பொடி ஓட்டையால பிழிஞ்சி எடுக்கிற. இடியப்பம் பிழியிற மாதிரிதான். ஆனா இந்த இடியப்பம் நீட்டு."

அவர் முன்னொரு காலம் தென்பக்கத்தில் ஒரு மில்லில் வேலை செய்தவர். அங்கே படித்ததையெல்லாம் அன்றைக்கு எனக்குச் சொன்னார். உடுப்பெல்லாம் மூன்று வழியாகத்தான் வருகிறதாம். ஒன்று செடி கொடி மரம். பருத்தியும் இந்த ரேயானும் அந்தக் குடும்பம். இரண்டாவது உயிருள்ளது. பட்டு புழுவிலிருந்து, கம்பளி ஆட்டு மயிரிலிருந்து. மூன்றாவது மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற எண்ணெய். டெட்ரோன், நைலோன் எல்லாம் அதில் செய்வது.

"கண்ணுக்கு மூண்டும் ஒரே மாதிரி மினுங்கும் காக்கா. ஒங்கட விரலும் ஏமாறும். நெருப்பு ஏமாறாது. மரமும் செடியும் பத்தினாக் கடதாசி மணம், சாம்பல் பூவா உதிரும். பட்டு பத்தினா மயிர் பொசுங்கின மணம். எண்ணெயில செஞ்சது உருகிச் சொட்டும், ஆறினாக் கல்லு மாதிரி இறுகும்."

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு லேசா? எங்கள் பள்ளி மௌலவியையும் மரைக்காரையும் கூப்பிட்டு, சாரன் நூலையும் பட்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்துக் காட்டினால் முடிந்தது.

"பட்டுக்கு எங்க போற?" என்றார் நல்லதம்பி அண்ணன்.

"எங்கட வீட்டுலயே இரிக்கி. பொண்டாட்டிட கலியாணப் புடவ. சுத்தப் பட்டு. நானே கொழும்பில பாத்து வாங்கின."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம்தான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

4. கடைவாசலில் நெருப்புப்பெட்டி

என் மனைவி சுபைதா அன்றைக்குப் பின்னேரம் பக்கத்து வீட்டில் மா இடித்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம். பெட்டியைத் திறந்து, கலியாணப் புடவையின் உள்பக்க ஓரத்திலிருந்து ஒரு பிடி நூலை உருவிக்கொண்டேன். அந்தப் புடவையில் முன்பே ஒரு கிழிசல் இருந்தது. கலியாணம் முடிந்த வருடம் சுபைதா துவைத்தபோது கிழிந்தது. பட்டைக் கல்லில் அடிக்கிறதா என்று அன்றைக்கு நான் ஏசின ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. "அடிக்கல்ல, தண்ணிக்குள்ள அலசினதுதான்" என்று அவள் சொன்னதை நான் நம்பவே இல்லை.

மாலை அசர் தொழுகை முடிந்து கடைவாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மௌலவி வாங்குப் பலகையில் இருந்தார். பக்கத்தில் மரைக்கார், தோளில் வெளிநாட்டுச் சால்வையோடு. அது சுத்தப் பருத்தி, மக்காவில் வாங்கினது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். பாண்டிருப்பிலிருந்து நல்லதம்பி அண்ணன் வந்திருந்தார். என் மச்சான் இஸ்மாயிலும் வந்திருந்தான். அவன் சுபைதாவின் கூடப்பிறந்த காக்கா. இந்த இடத்தில் அவன் வந்திருக்கத் தேவையில்லை. குல்தூம் ராத்தா தலைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

நான் சாரன் கரையிலிருந்து ஒரு நூலை இழுத்தேன். நெருப்புக்குச்சியைத் தட்டினேன். நூல் சரசரவென்று பற்றியது. கடதாசி மணம். சாம்பல் பூ மாதிரி உதிர்ந்தது.

"இது மரத்திட நூல். கடதாசி மணம் தெரியிதா? இப்ப சுத்தப் பட்டு எப்பிடி எண்டு பாருங்க. எங்கட ஊட்டுக் கலியாணப் புடவையில எடுத்த. மயிர் பொசுங்கின மணம் வரும், மூக்கப் பொத்துங்க."

மௌலவி மூக்கைப் பொத்தினார். எல்லோரும் பொத்தினார்கள். நான் பற்றவைத்தேன்.

சரசரவென்று பற்றியது. கடதாசி மணம். சாம்பல் பூ மாதிரி உதிர்ந்தது.

மூக்கிலிருந்து ஒவ்வொரு கையாக இறங்கியது.

மரைக்கார்தான் முதலில் எழும்பினார். "ரெண்டும் ஒரே மாதிரித்தானே பத்தின! அப்ப நான் சென்னது சரி. இதுவும் பட்டு, அதுவும் பட்டு. இந்தக் குச்சியோட முடிஞ்சிது கத."

நல்லதம்பி அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் நீலக் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இது மற்றவன் சொல்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டார்.

நான் ஒரு வழி தேடினேன். "இது... வேற புடவையில மாறி எடுத்திட்டன் போல..."

"எந்தப் புடவடா?" இஸ்மாயில் விடவில்லை. "இப்பதானே கலியாணப் புடவ எண்டாய்? அண்டைக்குக் கலியாணச் சபையில எங்கட வாப்பாக்கிட்ட விரிச்சிக் காட்டி, தொட்டுப் பாருங்க மாமா சுத்தப் பட்டெண்டு சென்னது நீதானே?"

கதவோரம் பார்த்தேன். குல்தூம் ராத்தா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூட்டையின் முடிச்சை மெல்ல இறுக்கிக் கட்டத் தொடங்கினார். திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். அவருடைய விரல் அந்த முடிச்சில் ஓடினது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு என்னால் மேலும் பொய் சொல்ல ஏலவில்லை.

"மச்சான், அது பட்டில்ல" என்றேன். "ரேயான். அண்டைக்கும் எனக்குத் தெரியா. மினுங்கிச்சி, வழுக்கிச்சி, பட்டெண்டு சென்னன். இந்தச் சாரனையும் அப்பிடித்தான் சென்னன். ரெண்டும் மரம். ரெண்டுலயும் பொய் சென்னது நான்."

யாரோ பின்னால் "அல்லாஹ்வே, பதினாறு வருஷம்!" என்றார்கள்.

மரைக்கார் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். "மீராசா, நீ அண்டைக்குப் பட்டெண்டாய். இப்ப இல்லங்கிறாய். ஒண்ட எந்த வாய நாங்க நம்புற?"

"அவருட வாய நம்ப வாணாம்" என்று நல்லதம்பி அண்ணன் எழும்பினார். "பத்து நிமிஷம் இரிங்க. மெய்யான பட்டு கொண்டாறன்."

சைக்கிளில் போனவர் கால் மணி நேரத்தில் வந்தார். அவருடைய மனைவி கோவிலுக்கு உடுத்துகிற பட்டுச்சேலையின் முந்தானைக் குஞ்சத்தில் ஒன்றை வெட்டி, வெற்றிலைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தார். "கேட்டு வாங்கின" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தை எனக்குத்தான்.

இந்தமுறை குச்சியை மௌலவியே வாங்கிக்கொண்டார். பட்டு நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கியது. பிறகு பொசுங்கியது. கடைவாசல் முழுக்க மயிர் கருகின நாற்றம். இந்தமுறை மூக்கைப் பொத்தும்படி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, அவரே விரும்பிய மூன்று சாரனிலிருந்து நூல் இழுத்துப் பற்றவைத்தார். மூன்றும் கடதாசி.

"புழுவில வாற பட்டத்தான் ஆம்புளைக்கு ஆகாதெண்டு நாம சொல்ற" என்றார் மௌலவி. "இது மரம். தாராளமா உடுத்தித் தொழலாம். எனக்கு ஒண்டு பச்சைக்கரையில எடுத்து வைங்க ராத்தா."

குல்தூம் ராத்தா மூட்டைக்குள் பச்சைக்கரையைத் தேடத் தொடங்கினார்.

அதோடு முடிந்திருக்கலாம். மௌலவிக்குக் குச்சி மிச்சம் இருந்தது. "மரைக்கார், ஒங்கட சால்வையிலயும் ஒரு நூல் தாங்களன்" என்றார் சிரித்துக்கொண்டு. மரைக்கார் பெருமையோடு ஒரு குஞ்சத்தை நீட்டினார். அது பற்றவில்லை. உருகிச் சொட்டியது. சொட்டினது வாங்கில் விழுந்து கறுப்பு மணியாக இறுகியது.

"இது மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரன்" என்றார் நல்லதம்பி அண்ணன்.

மரைக்கார் சால்வையை மெல்ல மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவர் போய் அந்தக் கதையைப் பத்துத்தரம் சொன்னார், தன் சால்வையை விட்டுவிட்டு. நாற்பது சாரனும் நான்கு நாளில் போனது அவருடைய வாயால்தான்.

5. அதற்குப் பிறகு

பெருநாள் கழிந்து ஆறாம் நாள் கூரையில் ஓடு ஏறியது. நானும் போய் ஓடு எடுத்துக் கொடுத்தேன். குல்தூம் ராத்தா மேலே நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "பட்டு மீராசாக்கிட்டப் பாத்து வாங்குங்க, ஓட்டுத்துண்டயும் பட்டெண்டு தருவான்" என்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஊரில் மீராசா என்று கேட்டால் எந்த மீராசா என்பார்கள். பட்டு மீராசா என்றால் வீட்டைக் காட்டுவார்கள்.

கடையில் என் பழக்கமும் மாறியது. மேசையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி வைத்தேன். யாராவது இது என்ன நூல் என்று கேட்டால், தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் "தெரியாது, பத்தவெச்சிப் பாப்பம்" என்பேன். ரேயான் கேட்டு வருகிறவர்களிடம் அதன் குறையையும் சொன்னேன். நனைந்தால் அதற்குப் பலம் குறையும், முறுக்கிப் பிழியக்கூடாது, கல்லில் அடிக்கவே கூடாது. சுபைதாவுடைய புடவை கிழிந்த காரணம் எனக்கு அப்படித்தான் விளங்கியது.

இப்போது ஊருக்கு வருகிற சில வியாபாரிகள் உடுப்பில் இலைப் படம் போட்ட துண்டைக் காட்டி, எல்லாம் செடியிலிருந்து வந்தது, பூமிக்கு நல்லது என்கிறார்கள். இருக்கலாம். எண்ணெயில் செய்ததைவிட மண்ணுக்குள் போய் மக்குகிறது நல்லதுதான். குல்தூம் ராத்தா வீட்டுப் பின்பக்கம் எறிந்த நூல்துண்டெல்லாம் இரண்டு மாரிக்குள் மண்ணாகிவிட்டது. மரைக்காருடைய சால்வை மாதிரி ஒன்று எங்கள் வேலியில் இன்னும் மக்காமல் தொங்குகிறது. ஆனால் நல்லதம்பி அண்ணன் அன்றைக்கே சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. "மரத்தில வந்த எண்டதும் நல்லதெண்டு சொல்லிப்போடாத காக்கா. அந்த மரத்தக் கரைச்ச காரத்தண்ணி எந்த ஆத்துல போச்சி எண்டும் கேளு. நெருப்புக்குச்சி அதச் சொல்லாது." அதையும் நான் கேட்கிறேன். வியாபாரிகளுக்குத்தான் பதில் தெரிவதில்லை. தெரியாது என்று சொல்லப் பழகினால் அவர்களும் என் அளவுக்கு வருவார்கள்.

வீட்டுக் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகுமுன் கதை போய்விட்டது. சுபைதா சண்டை பிடிக்கவில்லை. சோற்றை வைத்தாள். கலியாணப் புடவையை என் முன்னால் விரித்து, அந்தக் கிழிசலில் விரலை விட்டுக் காட்டினாள்.

"அடிக்கல்ல எண்டு அண்டைக்குச் சென்னன்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு, நல்லதம்பி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பட்டுப்புடவை வாங்கி வந்தேன். கையில் கொடுத்தேன். அவள் தடவிப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை.

"நெருப்புப்பெட்டிய எடுங்க" என்றாள்.

முந்தானையில் ஒரு நூலை இழுத்து, அடுப்படி வாசலில் நின்று பற்றவைத்தாள். அது சுருண்டது, பின்வாங்கியது, பொசுங்கியது. வீடெல்லாம் மயிர் கருகின நாற்றம். சுபைதா மூக்கைச் சுளித்தாள். எனக்கு அது அத்தர் மணம் மாதிரி இருந்தது.